பாதிச் சம்பளம் பென்ஷன்... பாரம் யார் தலையில்?

'மாப்பிள்ளைக்கு கவர்ன்மென்ட் வேலை' என்றதும் பெண் வீட்டார் முகம் மலர்ந்ததற்குச் சம்பளத்தைவிட பென்ஷன்தான் காரணம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதன்மேல் அகவிலைப்படி, அவருக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். இதற்காக ஊழியர் தன் சம்பளத்திலிருந்து எதுவும் கட்டவும் வேண்டியதில்லை.

சிக்கலும் அங்கேதான். பழைய திட்டத்தில் தனியாக நிதி எதுவும் சேர்க்கப்படவில்லை. இன்றைய வரிப்பணத்திலிருந்துதான் நேற்றைய ஊழியருக்குப் பென்ஷன். ஆயுள் கூடக் கூட அந்தச் செலவும் கூடியது. அதனால்தான் 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, முப்படையினர் நீங்கலாக, தேசிய ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஊழியர் 10 சதவிகிதம் போடுகிறார்; அரசு 2019 முதல் 14 சதவிகிதம் போடுகிறது. பணம் சந்தையில் வளர்கிறது. வேலை மாறினாலும் கணக்கு கூடவே வரும். நல்ல விஷயம்தான்.

ஆனால், ஓய்வுபெறும் நாளில் கணக்குப் போட்டால் வயிற்றைக் கலக்கும். 50 லட்சம் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்தைக் கையில் வாங்கலாம். (அது மகன் வாங்கும் ஃபிளாட்டுக்குப் போய்விடும் என்பது வேறு கதை!) மீதி 20 லட்சத்துக்கு ஆண்டுக்கு 6 சதவிகிதம் கிடைத்தாலும், மாதம் 10,000 ரூபாய்தான். விலைவாசி ஏறினாலும் அது ஏறாது, அகவிலைப்படி கிடையாது.

இந்தக் கோபம் தேர்தலில் எதிரொலித்தது. ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் பழைய திட்டத்துக்கே திரும்புவதாக அறிவித்தன. எல்லா மாநிலங்களும் அப்படித் திரும்பினால், புதிய திட்டத்தைவிடச் சுமை 4.5 மடங்கு வரை ஆகலாம் என 2023-ல் ரிசர்வ் வங்கி இதழில் வந்த ஓர் ஆய்வு எச்சரித்தது. அதைச் சுமக்கப்போவது இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்.

நடுவழியாக 2025 ஏப்ரலில் வந்தது ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம். 25 ஆண்டு பணி முடித்தால் கடைசி 12 மாத சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி உறுதி, அகவிலைப்படியும் உண்டு. அரசின் பங்கு 18.5 சதவிகிதம். ஊழியரின் 10 சதவிகிதம் தொடரும். அவர் காலமானால் பென்ஷனில் 60 சதவிகிதம் துணைவருக்கு.

இதைத் தேர்ந்தெடுக்குமுன் வீட்டில் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் அதற்கேற்ற பிரிவை எடுத்தால், கணவன், மனைவி இருவர் காலத்துக்குப் பிறகு அந்த 20 லட்சம் பிள்ளைகளுக்கு வந்துசேரும். புதிய ஏற்பாட்டில் அப்படி வராது. மாதாமாதம் நிச்சயமாக ஒரு தொகை வர வேண்டுமென்றால், சேர்ந்த முதலை விட்டுக்கொடுக்க வேண்டும்.