மன்னா நின்ற நாள்: இறைபராமரிப்பும் நமது காணியும்

"எல்லாம் ஆண்டவருடைய சித்தம்." இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களும், 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியவர்களும், 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களும் இதைச் சொன்னார்கள். அதே வாயால், "ஆண்டவர் எங்களைக் கைவிட்டிட்டாரோ?" என்றும் கேட்டார்கள்.

நடப்பதையெல்லாம் கடவுளின் தலையில் போடுவதுதான் இறைபராமரிப்பா? நாம் பழைய ஏற்பாடு என்று அழைக்கும் யூத மக்களின் திருநூலை இக்கேள்வியோடு திறந்து பார்ப்போம். கி.மு. 587 அளவில் எருசலேம் வீழ்ந்து, பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களின் கண்ணீர் அந்நூலில் ஊறியிருக்கிறது.

பார்த்துக்கொள்ளும் கடவுள்

அடிமைப் பெண்ணான ஆகார், கர்ப்பிணியாகப் பாலைநிலத்துக்கு ஓடிப்போனாள். அங்கே ஒரு நீரூற்றருகில் தன்னைத் தேடிவந்த கடவுளுக்கு, தன்னைக் காண்கிறவர் என்று அவள் பெயரிட்டாள். ஆபிரகாம் பலியிடப்போன மலைக்கு இட்ட பெயரிலும் 'காணுதல்' என்ற அதே எபிரேயச் சொல்லே இருக்கிறது. நாமும் "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்றுதானே சொல்கிறோம்! பார்ப்பதும் பராமரிப்பதும் நம் மொழியிலும் ஒன்றாகவே நிற்கின்றன.

தீமை தீமையே

யோசேப்பைச் சகோதரர்கள் விற்றார்கள். பின்னர் அவர் அவர்களை மன்னித்தபோது, நீங்கள் செய்தது தீமை, கடவுள் அதிலிருந்து நன்மையை வருவித்தார் என்ற பொருளிலே பேசினார். விற்றதைக் கடவுளின் செயல் என்று அவர் சொல்லவில்லை. கடவுள் தீமையை விரும்புவதில்லை, ஆனால் அதிலிருந்தும் நன்மையைக் கொண்டுவர வல்லவர் என்பதே திருச்சபையின் போதனை. யோபுவின் துன்பத்துக்கு அவருடைய பாவமே காரணம் என்று வாதிட்ட நண்பர்களைக் கடவுளே கடிந்துகொண்டார். ஆகவே, இடப்பெயர்வு உங்கள் பாவத்துக்குத் தண்டனை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மன்னா நின்ற நாள்

பாலைநிலத்தில் மன்னா ஆளுக்கு ஓர் ஓமர் அளவு கிடைத்தது. கூடச் சேர்த்தவருக்கு மிஞ்சவில்லை. குறையச் சேர்த்தவருக்குப் போதாமலும் இல்லை. மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்தது. நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

கானான் நாட்டின் விளைச்சலை மக்கள் உண்டபின் மன்னா நின்றுபோனது என்கிறது யோசுவா நூல். பராமரிப்பு நிற்கவில்லை, மழையும் விதையும் உழைப்புமாக வேறு வழியில் தொடர்ந்தது. இங்கே ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் விளைச்சல், பிறகுதான் மன்னா நின்றது. காணியும் விதைநெல்லும் கிடைக்குமுன்னே நிவாரணத்தை வெட்டிவிட்டு, இனிக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது இறைபராமரிப்பு அல்ல.

நிலம் தம்முடையது, மனிதர் தம்மிடம் விருந்தினர் என்று லேவியர் நூலில் கடவுள் சொல்கிறார். எனவே அவருடைய பெயரைச் சொல்லி ஒருவர் காணியை இன்னொருவர் பறிக்கவும் இடமில்லை. வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடவேண்டும் என்பதும் அதே நூலின் சட்டம். கைம்பெண்ணான ரூத்து என்னும் மோவாபியப் பெண் அப்படித்தான் கதிர் பொறுக்கிப் பிழைத்தாள். கடவுளின் பராமரிப்பு பெரும்பாலும் அயலவனின் வரப்பைத் தாண்டித்தான் வருகிறது.

எரேமியா வாங்கிய காணி

பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. எரேமியாவோ காவற்கூட முற்றத்தில் அடைபட்டிருந்தார். அந்த நேரத்தில் அனத்தோத்து ஊரிலிருந்த உறவினரின் வயலை 17 செக்கேல் வெள்ளி கொடுத்து வாங்கினார். சாட்சிகள் முன் உறுதி எழுதி, முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் நெடுங்காலம் பழுதுபடாதிருக்க மட்பாண்டத்தில் வைக்கும்படி பாரூக்கிடம் ஒப்படைத்தார். நாடுகடத்தப்பட்டவர்களுக்கு, போன இடத்தில் வீடு கட்டித் தோட்டம் செய்யுங்கள் என்று கடிதம் எழுதியவரும் அவரே. இருக்கும் இடத்தில் வாழ்வதும் சொந்தக் காணியைக் கைவிடாமலிருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

ஆனால் எரேமியா அந்த வயலில் அறுவடை செய்ததாக விவிலியம் சொல்லவில்லை. அவர் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். நம்மிலும் எத்தனையோ பெரியவர்கள் காணியைக் காணாமலே கண்மூடினார்கள். இறைபராமரிப்பு நமக்குத் தவணை குறித்துக் கொடுப்பதில்லை. இயேசுவும் சிலுவையில் தம் இன மக்களின் புலம்பல் திருப்பாடலைச் சொல்லித்தான் கதறினார். ஏன் கைவிட்டீர் என்று கேட்பது அவிசுவாசமல்ல, அதுவும் செபமே.

1992இல் வெளியேறிய இரணைதீவு மக்கள், 2017இல் தொடர் போராட்டம் தொடங்கி, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறித் தீவுக்குத் திரும்பினார்கள். கேப்பாப்புலவு மக்களும் 2017இல் வீதியோரத்தில் இருந்து தம் காணியைக் கேட்டார்கள். செபமும் முயற்சியும் அங்கே கைகோத்து நின்றன.

நம்மில் பலருடைய காணி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணி. பத்திரம் தொலைந்திருந்தால் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் நாடுங்கள். கையில் இருந்தால் பிரதி எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். பாரூக்கின் வேலை அதுதான்.

குழுவாகக் கலந்துரையாட:

1. இடப்பெயர்வின்போது யார் மூலம் கடவுளின் பராமரிப்பை உணர்ந்தோம்?
2. நம் கிராமத்தில் காணிப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் எவை? அவர்களோடு அலுவலகத்துக்குப் போக யார் முன்வருவோம்?
3. வரும் காலபோக அறுவடையில், விதைநெல் இல்லாத அயலவருக்காக எந்த 'வயலோரத்தை' விடப்போகிறோம்?