பட்டாளத்துக்காரரும் டீக்கடையும்

செப்டம்பர் 11 வந்தால் பரமக்குடிக்கு வண்டிகள் கிளம்பும். நெய்வேலியிலிருந்து அந்த ஊர் தொலைவுதான். ஆண்டுக் கணக்கில் மட்டும் நெருக்கம். 1957 மே 20-ல் பிரதமர் நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நான்கு மாதம் முடிவதற்குள் அங்கே இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார்.

1924 அக்டோபர் 9-ல் முதுகுளத்தூர் அருகே செல்லூரில் பிறந்தவர் அவர். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றபோது வயது 18. 1945-ல் ராணுவத்தில் சேர்ந்து ஹவில்தார் மேஜர் வரை உயர்ந்தார். நம் மக்களுக்குப் பட்டாளம் என்பது சம்பளம் மட்டுமல்ல. பதவியைப் பார்த்து சல்யூட் வைக்கிற இடம். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஊர் திரும்பினால், டீக்கடையில் தனிக்குவளை காத்திருக்கும். போரில் நின்றவன் கடை வாசலில் தள்ளி நிற்க வேண்டும்.

இந்த இரட்டைக்குவளையைத்தான் அவர் எதிர்த்தார். ஒடுக்கப்பட்டோரைத் திரட்டினார், மாநாடு கூட்டினார். 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவுக்கடையில் எல்லோருக்கும் வைத்திருக்கும் பாத்திரத்தை ஒருவருக்கு மட்டும் மறுப்பது குற்றம் என்றது. சட்டம் வந்துவிட்டது, குவளை மாறவில்லை. 1957 செப்டம்பர் 10-ல் முதுகுளத்தூரில் நடந்த அமைதிக் கூட்டத்தில் மற்ற தலைவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். 33 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அவர் பிறந்த அதே 1924-ல்தான் நம் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவில் பக்கம் எல்.இளையபெருமாளும் பிறந்தார். நாடு முழுவதும் தீண்டாமை எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். 1969-ல் அறிக்கை வந்தது. இரண்டு பேரையும் சேர்த்து நினைக்க நமக்கு ஏனோ தோன்றுவதில்லை.

நகரியத்தில் குவார்ட்டர்ஸ் கிடைப்பது பதவியைப் பொறுத்து. கேன்டீனில் எல்லோருக்கும் ஒரே டம்ளர்தான். நகரிய எல்லையைத் தாண்டிய கிராமங்களில் ஊர் ஒரு பக்கம், நம் தெரு ஒரு பக்கம். ராணுவத்திலிருந்து திரும்பும் பிள்ளை அங்கே ஒரு டீக்கடை போட்டால், எதிர்த்தெருக்காரர் வந்து பெஞ்சில் உட்காருவாரா? பலர் டீக்கடையை விட்டு, சைக்கிள் கடையோ செல்போன் கடையோ வைக்கலாம் என்று யோசிப்பது வேறு எதனால்? பழுது பார்க்கும் கையின் சாதியை யாரும் கேட்பதில்லை. டீ ஆற்றும் கைக்குத்தான் அந்தக் கேள்வி.

முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க மாநில அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் இருக்கிறது. 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மானியம், 3 சதவீத வட்டி மானியம். விவரம் கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கிடைக்கும். டீக்கடைதான் வைக்கப்போகிறேன் என்று நம் பிள்ளைகளில் ஒருவர் அங்கே போய் நின்றால், முதல் டீ குடிக்க நாம் வருகிறோம்.