சம்பளக்காரப் பெண்ணின் தொடர்கதை

காலை ஷிப்டு தொடங்கும் நேரத்தில் ஓசூர் சிப்காட் பக்கம் போயிருக்கிறீர்களா, வாசகிகளே? பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். கையில் சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இளம் பெண்கள் திமுதிமுவென்று இறங்குவார்கள். ஒருத்தி தமிழில் ஏதோ கேட்பாள். பக்கத்திலிருப்பவள் தெலுங்கில் பதில் சொல்வாள். மூன்றாமவள் கன்னடத்தில் கேலி செய்வாள். சிரிப்புக்கு மட்டும் பாஷை கிடையாது! கிருஷ்ணகிரி ஜில்லாவின் எல்லை ஊர் அல்லவா? கர்நாடகத்து அத்திப்பள்ளி கூப்பிடு தூரம்தான். இந்தப் பெண்களில் பலருடைய சம்பளத் தேதியை நம்பி, ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு குடும்பமே காத்திருக்கும்.

இப்படிப்பட்ட பெண் ஒருத்தியின் கதையை இதே மூன்று பாஷைகளிலும் படமாக எடுத்த டைரக்டர் ஒருவர் இருந்தார். அவர்தான் கே. பாலசந்தர்.

1930-ம் வருஷம், தஞ்சைச் சீமையில் நன்னிலம் பக்கத்து நல்லமாங்குடியில் பிறந்தவர். படித்துப் பட்டம் பெற்றதும் முத்துப்பேட்டையில் சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் காரியாலயத்தில் உத்தியோகம். பகலெல்லாம் கணக்கு, மாலையில் நாடகம்! ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’, ‘எதிர்நீச்சல்’ என்று சபாக்களில் பெயர் பரவியது. 1964-ல் ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதினார். மறு வருஷமே ‘நீர்க்குமிழி’யைத் தாமே டைரக்ட் செய்தார்.

காரியாலயத்தில் உட்கார்ந்து பழகியவருக்குத்தான் குமாஸ்தா குடும்பத்தின் வரவு செலவு தெரியும். 1969-ல் வந்த ‘இரு கோடுக’ளில் ஜில்லா கலெக்டராக வருகிறாள் ஒரு பெண். அவளைப் பிரிந்து போன கணவன், அவளுடைய காரியாலயத்திலேயே குமாஸ்தா! சௌகார் ஜானகியும் கன்னட நாட்டு ஜெயந்தியும் போட்டி போட்டுக்கொண்டு நடித்த அந்தப் படம் தேசிய விருது பெற்றது.

1974-ல் வந்தது ‘அவள் ஒரு தொடர்கதை’. சுஜாதா நடித்த கவிதா, காரியாலயத்தில் வேலை பார்த்து ஒரு பெரிய குடும்பத்தையே தாங்குகிறாள். தகப்பனார் குடும்பத்தை உதறிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் பொறுப்பில்லாதவன். வீட்டில் விதவைத் தங்கை வேறு. எல்லாருக்கும் அவள் சம்பளம் வேண்டும். அவளுக்கு என்ன வேண்டும் என்றுதான் யாரும் கேட்பதில்லை. சுடுசொல் பேசுகிறாள், வீட்டார் கோபித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சுடுசொல்லுக்குள் இருக்கும் களைப்பு, பார்க்கும் நமக்குத் தெரிகிறது. கடைசியில் கல்யாணம் கைகூடி வரும் வேளையில் பாரம் மறுபடியும் அவள் தலையிலேயே விழுகிறது. அவளும் பழையபடி வேலைக்குக் கிளம்புகிறாள்.

இதையே 1976-ல் தெலுங்கில் ‘அந்துலேனி கதா’ என்று ஜெயப்பிரதாவை வைத்து எடுத்தார். 1983-ல் கன்னடத்தில் ‘பெங்கியல்லி அரளித ஹூவு’, அதில் சுஹாசினி. நெருப்பில் மலர்ந்த பூ என்று அர்த்தம். ஓசூரில் மாமியார் தெலுங்கும் மருமகள் கன்னடமும் பேசும் வீடுகள் உண்டு. அவரவர் பாஷையில் பார்த்தாலும் அழுகை ஒன்றுதானே!

கன்னடத்தோடு அவருக்கிருந்த உறவு அதோடு நிற்கவில்லை. பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த வாலிபரை 1975-ல் ‘அபூர்வ ராகங்க’ளில் அறிமுகம் செய்தாரே, அவர்தான் ரஜினிகாந்த். அவருடைய பூர்வீக ஊர் நம் ஜில்லாவின் நாச்சிக்குப்பம். பெங்களூர்க்காரர் பிரகாஷ்ராஜையும் 1994-ல் ‘டூயட்’ மூலம் தமிழுக்குக் கொண்டு வந்தவர் இவர்தான்.

1981-ல் கவிதாலயா என்ற சொந்தக் கம்பெனியில் ‘நெற்றிக்கண்’ணைத் தயாரித்தார். படாதிபதியானவர் தம் படங்களுக்கு மட்டும் பணம் போட்டுக்கொண்டிருக்கவில்லை. மணிரத்னம் டைரக்ட் செய்த ‘ரோஜா’வை 1992-ல் தயாரித்ததும் கவிதாலயாதான். ஏ. ஆர். ரஹ்மான் என்ற இளைஞர் சங்கீத டைரக்டராக அறிமுகமானது அந்தப் படத்தில்தான்.

இத்தனை புகழும் வந்த பிறகு, பெரிய டைரக்டர்கள் பலர் எட்டிப் பார்க்கத் தயங்கிய டெலிவிஷனுக்கு வந்தார் மனுஷர்! ‘ரயில் சிநேகம்’, ‘கையளவு மனசு’, ‘பிரேமி’ என்று தொடர்கள் தந்தார். ‘சிந்து பைரவி’யின் கதையைச் ‘சஹானா’ என்ற தொடராக நீட்டினார். அவர் கதை சொன்னது யாருக்காக? வீட்டுப் பெண்களுக்காகத்தானே! அவர்கள் தியேட்டரை விட்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபோது, கதை சொல்பவரும் கூடத்துக்கே வந்துவிட்டார். தாதாசாகேப் பால்கே விருது வரை பெற்று, 2014 டிசம்பர் 23-ந் தேதி காலமானார்.

கவிதாவைக் கடைசி வரை தியாகியாகவே நிறுத்திவிட்டாரே என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. குறையில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த முடிவைப் பார்த்து ‘ஆஹா, என்ன தியாகம்!’ என்று கை தட்டிவிட்டு எழுந்து போகவா அந்தப் படத்தை எடுத்தார்? ‘இது அநியாயமில்லையா?’ என்று நம்மை உறுத்துவதற்காகத்தான் எடுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே, சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் சம்பாதிக்கும் பெண் ஒருத்தி இருக்கலாம். மகளோ, மருமகளோ, நாத்தனாரோ, யாராயிருந்தாலும் சரி. இந்த மாதச் சம்பளம் வந்ததும், ‘உனக்கென்று எவ்வளவு எடுத்து வைத்துக்கொண்டாய், அம்மா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கவிதாவிடம் அவள் வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.