பாறைக்கு வழிவிட்ட வீடு

திருப்பனந்தாள் வட்டாரத்தில் காடு கிடையாது. கொள்ளிடக்கரை மூங்கிலும், கொல்லைப்புறத்துத் தென்னையும் மாவும் புளியுமே நமக்குக் காடு. சபுராளிப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் புதுவீடு எழும்பும்போது முதலில் சாய்பவை அவைதாம். வரைபடம் முந்திவிடுகிறது, மரம் அதற்கு இடைஞ்சலாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான வீடொன்று இலங்கையில், குருநாகல் மாவட்டத்துப் பொலொந்தலாவையில் உண்டு. 1960களின் நடுவில் தென்னந்தோட்ட மேலாளர் ஒருவருக்காகக் கட்டப்பட்டது. அமைத்தவர்கள் ஜெஃப்ரி பாவாவும், டென்மார்க் நாட்டு உல்ரிக் பிளெஸ்னரும். பாவா என்ற பெயரைக் கண்டதும் "நம்மவரோ?" என்று தோன்றும், அவருடைய தந்தைவழிப் பாட்டனார் முஸ்லிம்தாம். வழக்கறிஞராயிருந்த பாவா, 1957இல், தம் 38ஆம் வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார்.

அந்த மனை முழுவதும் பெரும்பாறைகள். வெடிவைத்துத் தகர்த்துச் சமன் செய்வதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அவர்களோ அந்த இடத்திலேயே நின்று, குச்சி நட்டுக் கயிறு கட்டி அறைகளைக் குறித்தனர். பாறை இருந்த இடத்தில் சுவர் விலகிற்று. சில இடங்களில் பாறையே சுவராயிற்று. கூரையின் உத்தரமும் பாறைமீது அமர்ந்தது. சிமெண்டும் ஓடும் நாம் அறிந்தவைதாம், வரிசைதான் வேறு. முதலில் நிலம், பிறகு வீடு.

பின்னர், 1990களில், தம்புள்ளை அருகே கண்டலமைக் குளக்கரையில் பாவா எழுப்பிய பெரிய விடுதியிலும் இதே முறைதான். மலைச்சரிவைச் சுரண்டாமல் தூண்கள்மீது நிறுத்தியதால் மழைநீர் கட்டடத்துக்கு அடியிலேயே வழிந்தோடுகிறது. முகப்பு முழுவதும் கொடிகள் படர்ந்திருக்கின்றன. 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது.

நமது மனை சில செண்டு நிலம், பாறையும் இல்லை. "வேர் அஸ்திவாரத்தைப் பிளக்கும்" என்பார் கொத்தனார். ஆல், அரசு பற்றி அவர் சொல்வது மெய். தென்னையின் வேரோ சல்லிவேர். அது சுவரைப் பிளப்பதில்லை. தேங்காய் விழுந்து ஓடு உடையும், அது வேறு கணக்கு! 2018ஆம் ஆண்டுக் கஜா புயலைக் கண்டவர்கள் கூரையை ஒட்டி உயர்ந்த மரத்தை அஞ்சுவதிலும் நியாயம் உண்டு.

ஆனால் மாமரத்தை நடுவில் விட்டுச் சுற்றிலும் முற்றம் அமைத்தால், வீட்டுப் பெண்கள் வெளியார் பார்வை படாமல் வானமும் காற்றும் பெறுவர். பழைய ஓட்டு வீடுகளின் முற்றம் தந்ததும் அதுவே. மேஸ்திரியிடம் வரைபடம் கேட்குமுன், மனையிலுள்ள மரங்களையும் மழைநீர் வடியும் பக்கத்தையும் ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். கழிவுநீர்த் தொட்டியைப் பத்தடி தள்ளிவைத்தாலே பல வீடுகளில் மரம் தப்பிவிடும்.