சிறு முயற்சியாளர் ஒன்றுகூடல்கள்

பிரதேச மட்டத்தில் சிறு முயற்சியாளருக்கென நடத்தப்படும் செயலமர்வுகளைச் சடங்காகக் கருதுவோர் பலர். மாலை, வரவேற்புரை, சான்றிதழ் என்பவற்றோடு முடிபவற்றைப் பொறுத்தவரை அது நியாயமே. ஆயினும், 2018ஆம் ஆண்டின் அனுபவத்தை நாம் மறந்துவிடலாகாது.

வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்நிதிக் கடன்களை அரசாங்கம் அவ்வாண்டு தள்ளுபடி செய்ய நேர்ந்தது. தவணை அறவிடுவோர் வாராவாரம் வீட்டு வாசலுக்கு வந்தனர். அரைத்த மிளகாய்த்தூளை எந்தக் கடை வாங்கும், தனது உழைப்பையும் சேர்த்து விலையை எவ்வாறு கணிப்பது என்று சொல்ல வந்தோர் மிகச் சிலரே. கணக்கு வைப்பதைப் பயிற்சியாளர் கற்பிக்கலாம். கடைக்காரரையும், பொதி செய்பவரையும், கடனில் வீழ்ந்து மீண்ட இன்னொரு பெண்ணையும் அறிமுகப்படுத்துவது ஒன்றுகூடலே. சங்கத் தலைவிகள் உருவாவதும் அத்தகைய பேச்சுகளில்தான். அவ்வாறிருக்க, தேநீர் இடைவேளையைச் சுருக்கி அதிதிகளின் உரையை நீட்டுவது எமக்கு விந்தையாகவே தோன்றுகின்றது.

மருதமுனை நெசவாளியும் அயலிலுள்ள பாண்டிருப்பு வியாபாரியும் ஒரே மண்டபத்தில் சந்திக்க வேண்டுமானால், வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்தல் வேண்டும். மாலை பஸ் புறப்படுமுன் கூட்டம் முடிதலும் வேண்டும்.