உங்களுக்குத் தெரியுமா? – பித்தும் பிழைப்பும்

கணக்குத் தணிக்கை பார்க்கும் ஏ.ஜி. ஆபீஸுக்கு ஒரு விசித்திர ராசி உண்டு. சி.வி. ராமன் 1907-இல் கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். சீனிவாச ராமானுஜன் சென்னை ஏ.ஜி. ஆபீஸில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள் தற்காலிக குமாஸ்தாவாக இருந்தார். இயக்குநர் கே. பாலசந்தர் அதே சென்னை ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார். ஒருவருக்கு ஒளி, ஒருவருக்கு எண், ஒருவருக்கு மேடை. மூவருக்கும் மனசு பேரேட்டில் இல்லை. ஆனால் பிடித்ததைச் செய்யப் போகிறேன் என்று வேலையை உதறிவிட்டு முதல் நாளே வெறுங்கையோடு தெருவில் இறங்கியவர் இவர்களில் ஒருவரும் இல்லை. ‘வேலையை விடு, கனவைப் பிடி’ என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதே இல்லை.

டிராமில் இருந்து தெரிந்த பலகை

ராமன் கல்கத்தாவில் டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. அறிவியலை வளர்ப்பதற்காக மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய கழகம் அது. கருவிகள் இருந்தன, ஆள்தான் இல்லை. இறங்கிப் போய்க் கேட்டார். வாருங்கள் என்றார்கள்.

அப்புறம் அவருடைய நாள் இப்படித்தான் ஓடியது: விடியற்காலை ஐந்தரைக்கு ஆய்வுக்கூடம். பத்து மணி அடிக்கும் முன் வீட்டுக்கு ஓடி வந்து குளித்துச் சாப்பிட்டு ஆபீஸ். மாலை ஐந்துக்கு ஆபீஸிலிருந்து நேராக மறுபடியும் ஆய்வுக்கூடம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து. நடுவில் ரங்கூன், நாகபுரி மாற்றல்கள் வேறு. பத்து வருஷம் இந்த ஓட்டம். 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி கொடுத்தபோது, ஏறக்குறையப் பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு அரசு வேலையை விட்டார். அதே பௌபஜார் கட்டடத்தில்தான் 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு தெரிந்தது. 1930-இல் நோபல். (பத்து வருஷம் இரவு பத்து மணிக்குச் சோற்றைச் சூடாக வைத்திருந்த கணக்கு எந்த விருதுப் பட்டியலிலும் வராது. மனைவி பெயர் லோகசுந்தரி.)

முழங்கைதான் அழிப்பான்

ராமானுஜனுக்குக் காகிதம் கட்டுப்படியாகாது. சிலேட்டில் கணக்கைப் போடுவார், துணி தேட நேரமில்லாமல் முழங்கையாலேயே அழிப்பார், விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். வழிமுறை சிலேட்டோடு போயிற்று. பின்னால் வந்த கணித மேதைகள் அந்த நோட்டுகளோடு பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, மாதம் 30 ரூபாய். மேலதிகாரி நாராயண ஐயரும் கணக்கில் ருசி உள்ளவர். அது அதிர்ஷ்டம். 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனது. அந்த வருஷம் மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று அறிக்கை தர வேண்டும். கல்லூரித் தேர்வில் மற்றப் பாடங்களில் தோற்றவருக்கு, கணக்குப் போடுவதற்கே சம்பளம், அதுவும் குமாஸ்தா சம்பளத்தைப் போல் இரண்டரை மடங்கு!

ஒரு சொல்

‘அமெச்சூர்’ என்றால் அரைகுறை என்று இப்போது பொருள் ஆகிவிட்டது. லத்தீன் மூலத்தில் அதற்குப் பொருள் ‘நேசிப்பவர்’. சென்னை சபாக்களில் அமெச்சூர் நாடகக் குழு என்று போர்டு மாட்டிய காலத்தில் நடிகர்களில் பெரும்பாலோர் பகலில் ஆபீஸ்காரர்கள். நாகேஷ் ரயில்வே, பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ். பாலசந்தர் 1964-இல் ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதினார், 1965-இல் ‘நீர்க்குமிழி’யை இயக்கினார். ‘நீர்க்குமிழி’யே ஏற்கெனவே மேடையேறிய நாடகம்தான். சினிமாவுக்கு வரும்போது சரக்கு கையில் தயாராக இருந்தது.

தங்க நட்சத்திரம் கெடுத்த ஓவியம்

பிடித்ததற்குக் காசு வந்தால் பிடிப்பு கூடுமா, குறையுமா? 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை, ஸ்டான்ஃபோர்டு வளாக மழலையர் பள்ளியில் நடந்தது. படம் வரையத் தாங்களாகவே ஓடி வரும் பிள்ளைகளைப் பார்த்து எடுத்தார்கள். ஒரு பிரிவிடம், ‘வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் உண்டு’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து ஸ்கெட்ச் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டு ஒளிந்து பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைப் போலப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். திடீர்ப் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் கேமராவும் கையுமாகத் திரிந்தவர். கல்யாண ஆர்டர் எடுக்க ஆரம்பித்து ஆறேழு வருஷம் ஆகிறது. சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளைச் செல்போனில்தான் எடுக்கிறார். ‘பை எடுத்தாலே முதுகு வலிக்குது சார்’ என்கிறார். தொழில் நன்றாகத்தான் ஓடுகிறது.

9 ரூபாய் 12 அணா

ஆர்.கே. நாராயண் எழுத்தை நம்பி உட்கார்ந்த முதல் வருஷத்தின் மொத்த வரும்படி இது. இரண்டாம் வருஷம் ஒரு சிறுகதைக்கு 18 ரூபாய். மூன்றாம் வருஷம் ஒரு குழந்தைக் கதைக்கு 30. பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்குப் போய்ச் சில நாளிலேயே திரும்பி வந்துவிட்டவர். மைசூரில் கூட்டுக் குடும்பம் என்பதால் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ 1935-இல் வந்தது. எழுத்தாளர் ஆகப் போகிறேன் என்கிற பிள்ளைகள் இந்த மூன்று எண்களை எழுதி மேசைக்கு மேலே ஒட்டலாம். கீழே, வீட்டில் யார் சோறு போடுவது என்றும் எழுதிக்கொள்ளலாம்.

நான்கு வட்டங்கள்

பிடித்தது, தெரிந்தது, உலகத்துக்குத் தேவையானது, காசு வருவது – இந்த நான்கு வட்டங்கள் வெட்டும் இடம்தான் ஜப்பானின் ‘இகிகை’ என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். அந்தப் படம் ஜப்பானுடையது இல்லை. ஆந்த்ரேஸ் சூசுனாகா என்ற ஸ்பானிய ஜோதிடர் வரைந்தது. 2014-இல் மார்க் வின் என்பவர் நடுவில் இருந்த சொல்லை எடுத்துவிட்டு ‘இகிகை’ என்று போட்டார். 1966-இல் இகிகை பற்றிப் புத்தகம் எழுதிய ஜப்பானிய மனநல மருத்துவர் மியேகோ காமியா தொழுநோயாளிகளிடையே வேலை செய்தவர். ஜப்பானில் காலைக் காபியும் பேரக்குழந்தையும்கூட இகிகைதான். அதற்கு வருமானம் வர வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

முன்சீப் கேட்ட கேள்வி

‘உனக்குள்ளே தேடு, உன் நாட்டம் கிடைக்கும்’ என்கிறார்கள். உ.வே. சாமிநாதையருக்கு அது உள்ளேயிருந்து வரவில்லை. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 25. ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கினார் ஐயர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் அல்லவா, பட்டியல் நீளம். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம், பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். சீவக சிந்தாமணியின் பிரதி ஒன்றும் கொடுத்தார். ஐயருக்கு அது சமண நூல் என்பதே புது விஷயம். சுவடி சுவடியாக ஒப்பிட்டு, சமணர் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டு, 1887-இல் அச்சிட்டார். பகலில் வகுப்பு தொடர்ந்து நடந்தது. பத்துப்பாட்டு, புறநானூறு எல்லாம் அதற்குப் பிறகு. பார்க்கப்போனால், அன்றைக்குக் கொஞ்சம் ரோசப்பட்டு அவர் முதலியார் வீட்டுக்கு மறுபடி போகாமல் இருந்திருக்கலாம்.

2018-இல் ஓகீஃப், டுவெக், வால்டன் ஆகியோர் நடத்திய சோதனை இங்கே பொருந்தும். கருந்துளை பற்றி ஒரு சுவையான வீடியோவைக் காட்டினார்கள், எல்லோருக்கும் பிடித்தது. அடுத்து அதே விஷயத்தில் ஒரு கடினமான கட்டுரையைக் கொடுத்தார்கள். ‘நாட்டம் பிறவியிலேயே உள்ளது, கண்டுபிடித்தால் போதும்’ என்று நம்பியவர்களுக்குத்தான் ஆர்வம் சட்டென்று அதிகமாக வடிந்தது.

அப்பா உப்பு, பிள்ளை யானை

‘பத்மாவதி சரித்திரம்’ நாவல் எழுதிய அ. மாதவையா உப்பு, கலால் துறை அதிகாரி. முன்கூட்டியே ஓய்வு வாங்கி, சொந்தமாக அச்சகம் வைத்து, ‘பஞ்சாமிர்தம்’ பத்திரிகை தொடங்கினார். அந்தச் சுகத்தை நீண்ட நாள் அனுபவிக்கவில்லை. 1925-இல் பல்கலைக்கழகச் செனட்டில் தமிழுக்காகப் பேசி உட்கார்ந்தவர் அங்கேயே உயிர் விட்டார்.

அவருடைய மகன் மா. கிருஷ்ணன் சண்டூர் சமஸ்தானத்தில் வேலையில் இருந்தார். சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதற்குப் பிறகு அவர் எங்கும் சம்பளத்துக்குப் போகவில்லை. காட்டு விலங்கு, பறவை, செடி பற்றி எழுதியும் படம் எடுத்துமே வாழ்ந்தார். கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950-இல் தொடங்கிய பத்தியை 1996-இல் இறக்கும்வரை, 46 வருஷம் எழுதினார். கேமராவும் கடையில் வாங்கிய முழுசு இல்லை. பல கேமராக்களின் பாகங்களைப் பொருத்தித் தானே உருவாக்கியது. ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயர். அதில் எடுத்த கறுப்பு வெள்ளை யானைப் படங்களைப் பார்த்தால் தோல் சுருக்கத்தை விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும்.

வேலை போனவரும் வீடு கட்டும் குருவியும்

பறவை ஆய்வாளர் சாலிம் அலி பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்க உரையாளராக இருந்தார். மேற்படிப்புக்கு ஜெர்மனி போய்த் திரும்பினால், பணமில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். கடலோரக் கிஹிம் கிராமத்தில் குடியிருந்து, வீட்டுக்குப் பக்கத்தில் தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் பார்த்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டும், பெண் வந்து பார்க்கும், பிடித்தால் குடியேறும்; ஆண் உடனே அடுத்த கூட்டை அடுத்த பெண்ணுக்குக் கட்டத் தொடங்கும்! பிறகு, சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் கொடுங்கள் என்று சமஸ்தானங்களிடம் பறவைக் கணக்கெடுப்பு வேலை கேட்டு வாங்கினார். இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புத்தகம் 1941-இல் வந்து இன்றும் விற்கிறது.

ஐந்து பவுண்டு அலாரம்

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் தபால் துறை அதிகாரி. காலை ஐந்தரைக்கு மேசையில் உட்காரும்படி காபியோடு எழுப்ப ஒரு வேலையாளுக்கு வருஷத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொல் வீதம் எழுதினார். மொத்தம் 47 நாவல்கள். இதையெல்லாம் சுயசரிதையில் ஒளிக்காமல் சொன்னதால், இவர் என்ன கலைஞரா கணக்கப்பிள்ளையா என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள்.

நோட்டில் இல்லாத வரி

எங்கள் தெருவில் ஒரு பெண் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். கை மணம் அபாரம். கட்டுப்படியாகவில்லை என்று ஒரு நாள் வரவு செலவு நோட்டைக் காட்டினார். மைதா, வெண்ணெய், முட்டை, கோகோ பவுடர், டப்பா, ரிப்பன், கரண்ட், டெலிவரி பையனுக்கு 60 ரூபாய், எல்லாம் பைசா சுத்தமாக இருந்தது.

“உங்க கூலி எங்கம்மா?”

“அது எதுக்குங்க, நம்ம வேலைதானே?”

ஒரு கேக்குக்கு நாலு மணி நேரம் நிற்கிறார். வேறொருவரை வைத்து இதைச் செய்தால் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பேனாவை எடுத்து டப்பாவுக்குக் கீழே ‘கூலி’ என்று எழுதினார். எவ்வளவு என்று மட்டும் எழுதவில்லை. அடுத்த வாரம் விலையை ஏற்றியதில் இரண்டு வாடிக்கையாளர்கள் போனார்கள், மற்றவர்கள் போகவில்லை.

கடைசியாக ஒரு உபயோகமான செய்தி

வீட்டில் சமைத்து விற்பதாக இருந்தால், எவ்வளவு சிறியதானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். தையல், ஓவியம், புகைப்படம், மரவேலை எதுவானாலும் சிறு தொழிலாகப் பதிய 2020 ஜூலை முதல் ‘உத்யம்’ இணையதளம் இருக்கிறது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், வீட்டிலிருந்தே பதியலாம். கட்டணம் கிடையாது. உத்யம் சான்றிதழ் வாங்கித் தருகிறோம், ஆயிரம் ரூபாய் அனுப்புங்கள் என்று ஏதாவது தளம் கேட்டால், அது அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.