கடலைச் செடியின் வேரில் ஓர் உலோகம்

பக்கத்தில் கடலைக் கொல்லை இருந்தால், பூத்து நிற்கும் செடி ஒன்றை வேரோடு எடுத்துத் தரச் சொல்லி அங்கே வேலை செய்பவரிடம் கேளுங்கள். கேட்காமல் பிடுங்கித் திட்டு வாங்கினால் என்னைக் கைகாட்டாதீர்கள்! மண்ணை அலசிவிட்டுப் பார்த்தால், வேரெங்கும் கடுகு கடுகாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறதா? அப்படியானால் ஆலை ஓடுகிறது.

என்ன ஆலை? உர ஆலைதான். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் செடியால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பிடியை விடுவிக்க, மனிதர்களின் உரத் தொழிற்சாலையில் 400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடும் பெரும் அழுத்தமும் வேண்டும். முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களோ மண்ணின் சாதாரணச் சூட்டிலேயே வேலையை முடித்துவிடுகின்றன! அவற்றின் கருவி நைட்ரோஜினேஸ் என்னும் நொதி. அதன் மையத்தில் 7 இரும்பு அணுக்கள், 9 கந்தக அணுக்கள், கூடவே ஒரே ஒரு மாலிப்டினம் அணு.

மாலிப்டினம் ஓர் உலோகம். அணு எண் 42. ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே 1778இல் இதைத் தனிப் பொருளாக அடையாளம் கண்டார். 1781இல் யெல்ம் என்ற வேதியியலாளர் உலோகமாகவே பிரித்தெடுத்தார். உருக வைக்க 2623 டிகிரி வேண்டும். இரும்புக்கு 1538 போதும். துருப்பிடிக்காத எஃகில் இரண்டு மூன்று சதவீதம் சேர்த்தால், கடல் உப்பையும் அது நன்றாகத் தாங்கும். பெரும்பாலான மாலிப்டினம் எஃகு ஆலைகளுக்குத்தான் போகிறது. எனக்கு என்னவோ வேர்முடிச்சு வேலைதான் பெரிதாகத் தோன்றுகிறது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் சில மேய்ச்சல் நிலங்களில் குளோவர் செடி வளராமல் சோர்ந்து கிடந்தது. அதுவும் கடலையைப் போல வேர்முடிச்சு உள்ள செடிதான். என்ன குறை என்று 1942இல் ஆண்டர்சன் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார்: மாலிப்டினம் பற்றவில்லை. ஏக்கருக்கு நூறு கிராம்கூடத் தேவைப்படவில்லை, நிலம் பச்சைப்பசேல் என்றாகிவிட்டது. புளிப்பு மண்ணில் மாலிப்டினம் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் சிக்கிக்கொள்ளும். அங்கே சுண்ணாம்பு இட்டாலே போதும், விடுபட்டு வரும்.

அதற்காக மாலிப்டினத்தை அள்ளிக் கொட்டவும் கூடாது. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் மண்ணிலேயே மாலிப்டினம் அதிகம். அங்கே புல் மேய்ந்த மாடுகளுக்குக் கழிச்சல் கண்டது. மாலிப்டினம் மிஞ்சினால் மாட்டின் உடலில் தாமிரம் சேராது. அதற்கு மருந்தும் தாமிர உப்புதான்.